வரிசையில் நின்ற கற்கள்

அத்தியாயம் 11

அம்மாவுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, பெரிய வீட்டின் பின்வாசலுக்கு வந்து நின்றார். யாரையும் கூப்பிடவில்லை. மண் அப்பிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, யாராவது பார்க்கட்டும் என்று நின்றார்.

பார்த்தது இளையவள்தான். அந்த வீட்டில் அன்றைக்கு வேலை இல்லாமல் இருந்தவள் அவள் ஒருத்தி. நாற்காலி போடுவதற்கும், வருகிறவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைப்பதற்கும், போனில் வழி சொல்வதற்கும் அண்ணன் ஆட்களை நியமித்துவிட்டான். எதையும் விட்டுவைக்கிறவன் இல்லை அவன். அவளுக்கு என்று மிச்சம் இருந்தது ஜன்னலோரம் மட்டும்.

அம்மாவின் கடைசிப் பேச்சு இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை. நீண்ட மயக்கத்துக்கு நடுவே ஒரு தடவை கண்ணைத் திறந்து, அவளையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்து, “என்னைப் பட்டு பக்கத்துல போடுங்க” என்றாள் அம்மா. கட்டிலுக்கு இந்தப் பக்கம் தங்கையும் அந்தப் பக்கம் அண்ணனும் சரியென்று தலையாட்டினார்கள். பல வருஷங்களாக ஒருவர் சொன்னால் மற்றவருக்கு ஆகாது என்றிருந்த இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

பட்டு, அண்ணனுக்கு அடுத்துப் பிறந்தவள். நாலு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்கப்புறம்தான் இளையவள் பிறந்தாள். அதனால் அவளுக்கு அக்கா என்றால் ஒரு கல். முழங்கால் உயரம், வெள்ளைக் கல், மேல்விளிம்பில் ஒரு சின்ன உடைவு. அம்மா தினமும் சாயங்காலம் போய் அதன் முன்னால் நிற்பாள். எதுவும் சொல்லமாட்டாள். கூடப் போனால் போகலாம், பேசக்கூடாது.

“கொஞ்சம் வந்து பாருங்கம்மா” என்றார் குழி வெட்டுகிறவர்.

அண்ணனைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். முதலில் அவளே வந்து பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

வீட்டுக்குப் பின்னால் புல்வெளி. அதன் கடைசியில் குடும்பத்துக் கற்கள் ஒரே நேர்கோட்டில் நின்றன. இந்த வீட்டைக் கட்டியவர் முதலில், பிறகு அவர் மகன், அப்புறம் பேரன்கள், அவரவர் பக்கத்தில் மனைவிமார், கடைசியில் அப்பா, அவரைத் தாண்டிச் சற்றுத் தள்ளிப் பட்டு. பள்ளிக்கூடத்தில் காலைக் கூட்டத்துக்கு நிற்கிற மாதிரி தலைமுறை பிசகாத வரிசை. வாரக்கடைசியில் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் அந்த வரிசையைத்தான் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பழைய வீடு, பழைய கல்லறைகள், அவற்றுக்கு அத்தை சொல்லும் கதைகள் என்று இந்த மூன்றையும் வைத்துத்தான் பண்ணை இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பட்டுவின் கல்லை ஒட்டி வலது பக்கம் குழி. இடுப்பளவு ஆழம் போயிருந்தது. கல் இருந்த பக்கத்துச் சுவர் சரிந்து, அந்தச் சரிவிலிருந்து ஓர் எலும்பு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“குழந்தை எலும்பு இல்லீங்க இது” என்றார் அவர்.

அவர் சொல்லியிருக்கவேண்டிய அவசியம் இல்லை. இளையவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். ஒரு நாளைக்கு எத்தனை பேருடைய உள்ளே பார்க்கிறாள் என்று அவளுக்கே கணக்குக் கிடையாது. புடவையைச் சுருட்டிக்கொண்டு குழியின் விளிம்பில் மண்டியிட்டாள். தொடை எலும்பு. வளர்ந்த ஆளுடையது, நல்ல உயரமான ஆள். நடுவில் முடிச்சுப் போட்டதுபோல ஒரு புடைப்பு. உடைந்து, யாரும் ஒழுங்காக நிமிர்த்திக் கட்டாமல், கோணலாகத் தானே ஒட்டிக்கொண்ட எலும்பு. இந்தக் கால்காரர் மிச்ச வாழ்நாள் முழுக்க நொண்டித்தான் நடந்திருப்பார்.

நொண்டி நடந்த ஆள் இந்தக் குடும்பத்தில் ஒருவர்தான். குதிரையிலிருந்து விழுந்த தாத்தா. ஆனால் அவர் பெயர் வெட்டிய கல், வரிசையின் அந்த முனையில் அல்லவா நிற்கிறது?

அண்ணன் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் போன். குழியை எட்டிப் பார்த்தான். முகத்தில் எதுவும் மாறவில்லை. அதுதான் அவளுக்கு உறுத்தியது. பழைய பூமி, எலும்பு கிடக்கத்தான் செய்யும், அதை அப்படியே உள்ளே தள்ளி மூடிவிட்டு, கொஞ்சம் தள்ளி வெட்டச் சொன்னான். நாலு மணிக்கு அடக்கம் என்று ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது, ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை ஏற்றிய வண்டியும் கிளம்பிவிட்டது என்றான்.

“இந்த நேரத்துல எலும்பு ஆராய்ச்சி வேணாம்.”

“நான் ஆராய்ச்சி பண்ணல அண்ணா. அதுவா வந்து நிக்குது.”

“அம்மா சொன்னது கல்லுகிட்ட போடச் சொல்லி. கல்லுகிட்டதான் போடறோம்.”

“கல்லுகிட்டன்னு அம்மா சொல்லல. பட்டு பக்கத்துலன்னு சொன்னாங்க.”

அவன் கல்லைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. பிறகு போன் அடித்தது. எடுத்துப் பேசிக்கொண்டே போய்விட்டான்.

அவள் குழி வெட்டுகிறவரிடம் பட்டுவின் கல்லைச் சுற்றி நாலு பக்கமும் பார்த்துவிடச் சொன்னாள். முன்னால், பின்னால், இடப்பக்கம் என்று அவர் ஒவ்வோர் இடமாக இறக்கிப் பார்த்தார். மண்வெட்டி பட்டுத் தெறித்தது. மனிதக் கை எப்போதும் பட்டிராத இறுகிய மண். அந்த எலும்பு கிடந்த குழியைத் தவிர அங்கே வேறு குழியே இருந்ததில்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அப்படியானால் அம்மா இத்தனை வருஷம் யார் முன்னால் நின்றாள்?

*

அத்தை, பார்வையாளர் அறையில் இருந்தாள். அப்பாவின் தங்கை, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, இந்த வீட்டைப் பண்ணிக்கொண்டேன் என்பாள். கண்ணாடிப் பெட்டிக்குள் குதிரைச் சேணம், சுவரெல்லாம் மீசை வைத்த படங்கள். கயிறு கட்டி ‘உட்காராதீர்கள்’ என்று எழுதித் தொங்கவிட்ட நாற்காலியில், கயிற்றை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“வா எக்ஸ்ரே” என்றாள். எப்போதும் கூப்பிடுகிற பெயர்தான். இன்றைக்கு அதில் சத்து இல்லை.

இளையவள் நின்றபடியே கேட்டாள். “குதிரைத் தாத்தாவை எங்க புதைச்சாங்க அத்தை?”

“வரிசையில மூணாவது கல். குதிரையிலேருந்து விழுந்து கால் போனாலும், கடைசி வரைக்கும் அவர்…”

“நான் டிக்கெட் வாங்கிட்டு வந்து கேக்கல.”

அத்தை அவிழ்த்த கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டாள். வெளியே யாரோ நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. அது நின்று, வெகுநேரம் கழித்துத்தான் அத்தை பேச ஆரம்பித்தாள். இளையவள் அவசரப்படுத்தவில்லை. அந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு மௌனத்துக்குள் காத்திருக்கத் தெரியும்.

முதலில் கற்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன என்றாள் அத்தை. புதைத்த இடத்தில் நட்ட கற்கள். ஒன்று மரத்தடியில், ஒன்று கிணற்றுக்கு அந்தப் பக்கம், ஒன்று மதிலோரம், குதிரைத் தாத்தாவுடையது புல்வெளிக் கடைசியில். வீட்டைப் பார்வையாளர்களுக்குத் திறந்த புதிதில், வெயிலில் கல்லுக்குக் கல் அலைந்து, மூன்றாவது தாத்தா வருவதற்குள் கூட்டம் களைத்துவிடும். கதையும் முன்னுக்குப் பின்னாகப் போனது. பேரன் செத்த கதையை முதலில் சொல்லிவிட்டு, தாத்தா பிறந்த கதைக்குத் திரும்பவேண்டியிருந்தது. கதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே நடையில் சொல்கிற மாதிரி இருந்தால் நன்றாக இருக்குமே என்று அத்தைதான் அப்பாவிடம் சொன்னாள். அடுத்த வாரமே அப்பா ஆள் வைத்துக் கற்களைப் பிடுங்கி, புல்வெளியில் வரிசையாக நட்டுவிட்டார்.

“கல்லை மட்டும்?”

“கல்லை மட்டும்தான். கீழ இருக்கறவங்களுக்கு எங்க இருந்தா என்னன்னார் உங்கப்பா.”

பட்டு போய் அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. பட்டுவின் கல்லையும் பிடுங்கினார்கள். அம்மா அப்போது வீட்டில் இல்லை. இளையவளைப் பெற்றெடுக்கத் தாய்வீடு போயிருந்தாள். கைக்குழந்தையோடு திரும்பி வந்தவள், வாசலில் இறங்கியதும் நேரே மரத்தடிக்குத்தான் போனாள். கல் இல்லை. அங்கிருந்து புல்வெளிக்கு ஓடி வந்தாள். அதைச் சொல்லும்போது அத்தை குரல் இறங்கிவிட்டது.

“பட்டுவையும் சேத்துத்தானே மாத்துனீங்கன்னு கேட்டா. உங்கப்பா, பின்ன என்னன்னார். நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உன்னை அவ கையிலேருந்து வாங்கிக்கிட்டேன்.”

இத்தனை வருஷம் இந்த அத்தை வருகிறவர்களுக்கு எத்தனை கதை சொல்லியிருப்பாள். கூட்டத்தைப் பார்த்துத் தாத்தாவின் குதிரையை ஒரு நாள் கறுப்பாக்குவாள், ஒரு நாள் வெள்ளையாக்குவாள். இதை மட்டும் அப்பா செத்த பிறகும் சொல்லவில்லை.

அந்த மரம் எது என்று கேட்டாள். வெயிலே படக்கூடாது என்று அம்மா கேட்டு வாங்கிய இடம் என்று சொல்லிக்கொண்டே அத்தை எழுந்து, ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

ஜன்னலுக்கு வெளியே, பார்வையாளர்கள் கார் நிறுத்தும் இடம் இருந்தது. பெரிய மரம் ஒன்று, அதன் அடிவரைக்கும் இழுத்துப் போட்ட காங்கிரீட். அதன்மேல் துக்கத்துக்கு வந்தவர்களின் கார்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

*

இளையவள் ஒவ்வொரு காராகப் போய்க் கண்ணாடியைத் தட்டினாள். நிழலில் நிறுத்திய காரை எடுத்து வெயிலில் போடச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? காரணம் கேட்டார்கள். அவள் சொல்லவில்லை. தூரத்து மாமா ஒருவர், துக்க வீட்டில் இந்தப் பெண்ணுக்கு மூளை கலங்கிவிட்டதா என்பதுபோலப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே சாவியைத் தேடினார்.

“எடுங்க மாமா” என்றாள் மறுபடியும். அவ்வளவுதான்.

கடைசிக் காரும் நகர்ந்த பிறகு அந்த இடம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. எண்ணெய்க் கறைகளும் டயர் தடங்களுமாகக் கிடந்தது. மரத்தடியிலிருந்து எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் தலை என்று எதுவும் தெரியவில்லை. குழி வெட்டுகிறவர் கடப்பாரையோடு வந்து நின்றார். காங்கிரீட்டைக் காலால் மிதித்துப் பார்த்தார். கையால் உடைகிற காரியம் இல்லை, மெஷின் வேண்டும் என்றார். எங்கேயாவது ஆரம்பியுங்கள் என்றாள் அவள்.

கடப்பாரைச் சத்தம் வீடு வரைக்கும் கேட்டிருக்கவேண்டும். அண்ணன் ஓட்டமும் நடையுமாக வந்தான். அதே நேரம் வாசலில் ஆஸ்பத்திரி வண்டி திரும்பியது. டிரைவருக்கு என்ன தெரியும்? கார்கள் இல்லாமல் நிழலாக இருந்த இடத்தைப் பார்த்து, அப்படியே பின்னுக்கு எடுத்து, மரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினான். என்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் பின்கதவைத் திறந்தான். உள்ளே வெள்ளைத் துணிக்குள் அம்மா.

குழி வெட்டுகிறவர் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு விலகிப் போனார்.

வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகச் சொன்னான் அண்ணன். இளையவள் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். கல் வரிசைக்கு அம்மாவைக் கொண்டுபோக விடமாட்டேன் என்றாள். அப்பா செய்ததையும் அத்தை மறைத்ததையும் ஒரே மூச்சில் சொன்னாள். காங்கிரீட்டை உடைக்க இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும், பட்டு பக்கத்தில்தான் அம்மா போவாள் என்றாள். எங்கே இவன் பண்ணை மானம், பார்வையாளர், ஊர் சிரிக்கும் என்று ஆரம்பிப்பானோ என்று அதற்கும் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தாள்.

அவன் அதெல்லாம் பேசவில்லை.

“உடைச்சா ஒண்ணும் கிடைக்காது” என்றான்.

“கிடைக்குதா இல்லையான்னு பாத்துடலாம்.”

“சொல்றதைக் கேளு. அவ இங்க இல்ல.”

டிரைவர் காதில் விழாத தூரத்துக்கு அவளை அழைத்துப் போனான். அப்பா போன மறுவருஷம் இந்தக் காங்கிரீட்டைப் போட்டது அவன்தான். நிலத்தைச் சமப்படுத்த மெஷின் மண்ணை அள்ளியபோது அவன் பக்கத்திலேயே நின்றிருந்தான். மண்ணோடு சின்னச் சின்னதாக வெள்ளையாக ஏதோ வந்து விழுந்தது. கூடவே பொத்தான்கள். பூப்போட்ட சட்டையின் பொத்தான்கள். பட்டு போனபோது அவன் நினைவு தெரிந்த பையன். அந்தச் சட்டையை அவனுக்கு மறக்குமா? வேலையாட்களை டீ குடிக்கப் போகச் சொல்லிவிட்டு, மெஷினை நிறுத்திவிட்டு, தன்னந்தனியாக உட்கார்ந்து கையாலேயே பொறுக்கியிருக்கிறான். சட்டையைக் கழற்றி அதில் வைத்துக் கட்டியிருக்கிறான்.

“அப்புறம்?”

“அம்மாகிட்டதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.”

அவள் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டாள்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். என்ன என்று அவன் சொல்வதற்குள்ளேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. மடித்து வைத்திருந்த போர்வையைப் பிரித்து மடியில் விரித்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. அப்பாவைத் திட்டவில்லை. அழவும் இல்லை. அவனை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் சாயங்காலம், எப்போதும்போல, வரிசையில் பட்டுவின் கல் முன்னால் போய் நின்றாள். அதற்கடுத்த நாளும். அதைப் பார்த்து, ராத்திரியோடு ராத்திரியாக அங்கேதான் புதைத்திருக்கிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். கேட்க வாய் வரவில்லை. இத்தனை வருஷமும் வரவில்லை.

“அதனாலதான் காலையிலேருந்து கல்லுகிட்டயே போடலாம்னு சொல்லிக்கிட்டிருந்தேன்” என்றான்.

“கல்லைச் சுத்தி நாலு பக்கமும் பாத்தாச்சு அண்ணா. யாருமே வெட்டாத மண்ணு.”

அவன் தலையை நிமிர்த்தவில்லை. அவளுக்கு அம்மாவுடைய அறை, அலமாரி, அவள் நடந்த பாதைகள், அவள் உட்காரும் இடங்கள் என்று ஒவ்வொன்றாக மனம் ஓடியது, எதிலும் நிற்கவில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே என்று அவளுக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. பட்டு பக்கத்தில் என்று அவள் சொன்னது கல்லையும் இல்லை, இந்த மரத்தடியையும் இல்லை. பிள்ளைகள் இருவரும் எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். எங்கே அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சொல்வதற்குத்தான் கண்ணைத் திறந்தாளோ என்னவோ.

புல்வெளிப் பக்கம் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். டிரைவர் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்து, அம்மாவை எங்கே இறக்குவது என்று கேட்டான்.

அண்ணன் தங்கையைப் பார்த்தான். அவன் அவளிடம் எதையாவது கேட்டு வருஷக்கணக்கு ஆகியிருக்கும். இப்போதும் வாய்திறந்து கேட்கவில்லை.

இளையவள் வண்டிக்குள் ஏறி, அம்மாவின் கால்மாட்டில் இருந்த பலகையில் உட்கார்ந்தாள்.

“இன்னைக்கு அடக்கம் இல்லன்னு போய்ச் சொல்லு” என்றாள்.

“என்ன காரணம்னு கேப்பாங்க.”

“எங்க வைக்கணும்னு எங்களுக்குத் தெரியலன்னு சொல்லு.”

அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு புல்வெளியை நோக்கி நடந்தான். கற்களின் வரிசைக்கு முன்னால், அத்தை வழக்கமாக நின்று கதை சொல்லும் இடத்தில் போய் நின்றான். பேச்சுச் சத்தம் அடங்கியது. எல்லா முகங்களும் அவன் பக்கம் திரும்பின.

அவள் சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.